கல் பிறந்த இடமும் கல் வெட்டிய கையும்

புதுச்சேரிக்கு வடமேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டாரத்தில், இரும்பை என்னும் சிற்றூர் உள்ளது. திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற மாகாளேசுவரர் கோயில் இவ்வூரில் இருக்கின்றது. அக்கோயிலின் இலிங்கம் மூன்றாகப் பிளவுண்டது. அப்பிளவைக் கடுவெளிச் சித்தரின் வரலாற்றோடு இணைத்து மக்கள் கதை கூறுவர். பிளந்த கல்லைச் செப்புத் தகட்டால் பிணைத்து, இன்றளவும் அதே இடத்தில் போற்றி வருகின்றனர்.

கல் ஏன் பிளந்தது என்பது கதையின் வினா. வரலாற்று மாணவனுக்கு அதற்கு முற்பட்ட வேறொரு வினா உண்டு. அக்கல் எங்கிருந்து வந்தது? அதை வெட்டியவர் யார்? கோயிலாயினும் கல்லறையாயினும், செதுக்கிய கல் ஒன்றைக் காணும்போது நாம் வழக்கமாக அதன்மீதுள்ள எழுத்தைப் படிக்கின்றோம், கல்லைப் படிப்பதில்லை. எழுத்து சொல்லாமல் விட்டதைக் கல் சொல்லக்கூடும் என்பதையும், அச்சான்றுகளுள் பெரும்பகுதி நம் திருச்சபைகளின் பொறுப்பிலேயே இருக்கின்றது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கல் இல்லாத கரை

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரையுள்ள கரையை நடந்து பார்ப்பவர் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். கடலோரத்தில் மணல், அதற்கு உட்புறம் உப்பளங்களும் கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பும், அதற்குத் தெற்கே செம்மண் மேடுகள். இம்மேடுகளின் அடியில் இருப்பவை கடலூர் மணற்கல், களிக்கல், சுண்ணாம்புக்கல் போன்ற படிவுப் பாறைகள். ஆறும் கடலும் கொணர்ந்து சேர்த்த மணலும் சேறும் சிப்பியும் இறுகியதால் உண்டானவை இவை. இவற்றுள் மணற்கல் பல இடங்களில் விரலால் தேய்த்தாலே உதிரும் தன்மையது. உளி தாங்கி, நூற்றாண்டுகள் நிற்கக்கூடிய கருங்கல் இங்கு இல்லை. அத்தகைய தொல்பழம் பாறை கழுவெளிப் படுகையின் வடமேற்கு ஓரத்திலேதான் நிலத்திற்கு மேல் தலைகாட்டுகின்றது. ஆகவே, இரும்பையில் கருங்கற்பணி எதைக் கண்டாலும் அது அவ்வூர் மண்ணில் பிறந்ததன்று. மாட்டு வண்டியிலோ, உருளைகளின்மீதோ, மனிதத் தோள்களிலோ ஏறி வந்தது என்றே கொள்ளவேண்டும்.

இவ்வாறு ஒரு பொருள் தான் கிடக்கும் இடத்தில் பிறந்ததா, வேறிடத்திலிருந்து வந்ததா என்று ஆராயும் முறைக்கு இவ்வட்டாரத்திலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. இரும்பைக்கு மேற்கே திருவக்கரையில், 1940-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியக் கல்மரப் பூங்கா உள்ளது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் அங்குக் கல்லாக மாறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் நின்ற நிலையில் இல்லை. வேரும் கிளையும் பட்டையும் இல்லை. ஆதலால், அவை அங்கு வளர்ந்தவையல்ல, பெருவெள்ளம் வேறிடத்திலிருந்து உருட்டிக்கொணர்ந்து மணலில் புதைத்தவை என்று நிலவியலார் முடிவு செய்தனர். எது இருக்கின்றது என்பதோடு, எது இல்லை என்பதையும் நோக்குவதே இம்முறையின் அடிப்படை.

2. ஜோப் சார்னாக்கின் கல்லறை

இம்முறை ஒரு கிறிஸ்தவக் கல்லறையில் கையாளப்பட்டு, உலகப் புகழ்பெற்ற முடிவொன்றைத் தந்தது. அதற்கு நாம் கல்கத்தாவுக்குச் செல்லவேண்டும். கல்கத்தாவும் கல் இல்லாத ஊரே. கங்கை கொணர்ந்த வண்டல் அங்கு மிக ஆழம்வரை படிந்துள்ளது. அந்நகரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை 1690-இல் நிலைநாட்டிய கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜோப் சார்னாக், 1693-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் (அக்கால ஆங்கிலக் கணக்கின்படி 1692) மறைந்தார். அவருடைய மருமகன் சார்லஸ் அயர் ஏறத்தாழ 1695-இல் எழுப்பிய கல்லறை மாடம், இன்று புனித யோவான் ஆலய வளாகத்தில் உள்ளது. அதனுள் இலத்தீன் மொழியில் பொறித்த கரும்பலகைக் கல் ஒன்று கிடக்கின்றது. சார்னாக்கின் மூத்த மகளும் அயரின் மனைவியுமான மேரி 1697-இல் மறைந்தபோது, அவரைப் பற்றிய வரிகளும் அதே கல்லில் இடம்பெற்றன.

இரண்டு நூற்றாண்டுகளாக அக்கல்லைக் கண்டோர் அனைவரும் அதன் இலத்தீனைப் படித்தனர். 1893-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அதன் கல்லைப் படித்தார். பாறைச் சில்லு ஒன்றை ஒளி ஊடுருவும் அளவுக்கு மென்மையாகத் தேய்த்து, நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தால், அதிலுள்ள கனிமங்களைத் தனித்தனியே அறியலாம். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், இரும்புத்தாது ஆகியவற்றோடு, சாதாரணக் கிரானைட்டில் காணப்படாத ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமும் அக்கல்லில் இருந்தது. அதே சேர்க்கையை ஹாலந்து மற்றோரிடத்துப் பாறையிலும் கண்டிருந்தார். அவ்விடம் சென்னைக்குத் தெற்கே, பரங்கிமலையை அடுத்த பல்லாவரம். கல்கத்தாவை நிறுவியவராகக் கருதப்பட்டவரின் கல்லறைக் கல் தமிழகத்துப் பாறையே என்பது இவ்வாறு வெளிப்பட்டது. அப்பாறை வகைக்கு அவர் சார்னாக்கின் பெயரால் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். 1900-இல் அவர் வெளியிட்ட பெரிய ஆய்வுக்குப்பின் அப்பெயர் உலகெங்கும் நிலைபெற்றது. சென்னைப் பகுதியின் இப்பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. கழுவெளிப் படுகையின் வடமேற்கில் தலைகாட்டுவதாக மேலே நாம் குறித்த தொல்பாறையும் இதே சார்னாக்கைட் வகையினதே.

இதில் ஒரு முரண் உண்டு. பல்லாவரத்தில் பிறந்த பாறைக்கு உலகம் இட்ட பெயர் பல்லாவரத்தினுடையதன்று. அதன்கீழ் அடக்கம் பெற்ற ஆங்கிலேயருடையது. அப்பாறையைப் பிளந்து, கடற்கரைவரை கொணர்ந்து, கப்பலேற்றிய தமிழ்நாட்டுத் தொழிலாளருள் ஒருவர் பெயரும் அதில் இல்லை. எனினும், எழுத்து மறைத்த அவர்களுடைய உழைப்பைக் கல்லின் கனிமங்கள் இரண்டு நூற்றாண்டு கழித்து வெளிப்படுத்தின.

3. உரோமை மாநிலங்களின் கற்கள்

ஹாலந்து சார்னாக்கின் கல்லைப் படித்த அதே காலப்பகுதியில், ஐரோப்பாவிலும் இத்தகைய ஆய்வு தொடங்கியிருந்தது. 1890-இல் ரிச்சர்ட் லெப்சியஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கிரேக்கச் சலவைக்கற்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்து நூல் வெளியிட்டார். வெண்ணிறச் சலவைக்கற்கள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுவதால், கட்புலனால் மட்டும் அவற்றின் ஊரைக் கூறுவது கடினம். 1972-இல் ஹார்மன் கிரெய்க், வலேரி கிரெய்க் ஆகியோர், கல்லிலுள்ள கரியம், ஆக்சிஜன் ஆகியவற்றின் ஐசோடோப் விகிதத்தை அளந்தால் அது எந்தச் சுரங்கத்தைச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் பிரித்தறியலாம் என்று காட்டினர். அதன்பின் இத்தாலியின் கராரா, ஏதென்ஸ் அருகேயுள்ள பெந்தெலிக்கோன், மர்மரா கடலிலுள்ள புரோக்கோனேசஸ் தீவு முதலிய இடங்களின் கற்கள் உரோமைப் பேரரசின் மாநிலங்களில் எவ்வெவ்வாறு பரவின என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று.

இது புதிய ஏற்பாட்டு மாணவனுக்கும் தொடர்புள்ள செய்தியே. பாலஸ்தீன நாட்டில் சலவைக்கல் கிடையாது. பெரிய ஏரோது கட்டிய செசரியா பட்டணம் கடற்கரையோரத்து மணற்கல்லால் எழுந்தது. அப்பட்டணத்து இடிபாடுகளில் சலவைக்கல் துண்டொன்றைக் கண்டால், அது கடல் கடந்து வந்தது என்று ஆய்வின்றியே கூறலாம். இதற்கு மாறாக, 1961-இல் அங்கு அகழ்ந்தெடுத்த பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல் வெறும் சுண்ணாம்புக்கல். பிற்காலத்தார் அதை நாடக அரங்கின் திருத்தப் பணியில் சாதாரணக் கட்டுமானக் கல்லாகப் பயன்படுத்திவிட்டனர். பேரரசரைப் போற்றும் கட்டடத்திற்காகப் பொறித்த கல்லும் ஒருநாள் படிக்கல்லாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

4. கையின் அடையாளம்

கல்லின் பிறப்பிடத்தைக் கனிமம் காட்டும். கல்லை வெட்டிய பட்டறையைக் காட்டுவது எது? உளித்தடம், எழுத்தின் வடிவம், ஓரத்து அணிவேலை, முடிக்காமல் விட்ட பகுதி ஆகியவை காட்டும். முடிவுறாத வேலையே பட்டறையின் வாய்மொழி எனலாம். மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன பிடாரி இரதங்களையும் வலையன்குட்டை இரதத்தையும் பார்த்தால், சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்த வரிசை புலனாகும். ஆப்பு இறக்குவதற்காக வரிசையாக வெட்டிய குழிகளைப் பழைய கற்சுரங்கங்களில் இன்றும் காணலாம்.

நம் சிற்பிகளுக்கும் கல்லை அறியும் முறை ஒன்று மரபாக உண்டு. கல்லைத் தட்டிப்பார்த்து, எழும் ஒலியைக்கொண்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று வகுப்பர். மணிபோல் ஒலிப்பது ஆண்கல். உள்ளே விரிசலுள்ள கல் அவ்வாறு ஒலிக்காது என்பதை இன்றைய பொறியியலாரும் ஒப்புவர். நுண்ணோக்கி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்குமுன்பே கல்லைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இருந்தனர்.

கல்லின் ஊர் வேறு, கையின் ஊர் வேறு, எழுத்தின் ஊர் வேறு என்று அமைவதும் உண்டு. வட இங்கிலாந்தின் சௌத் ஷீல்ட்ஸ் என்னுமிடத்தில் 1878-இல் ஒரு கல்லறைக் கல் அகப்பட்டது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது. சிரியாவின் பல்மீராவைச் சேர்ந்த பாராத்தேஸ் என்பவர், தாம் அடிமைத்தளையினின்று விடுவித்து மணந்த ரெஜீனா என்னும் பிரிட்டானியப் பெண்ணுக்கு அதை நாட்டினார். அதில் இலத்தீனும் பல்மீராவின் அரமேய எழுத்தும் உள்ளன. இலத்தீன் எழுத்துகள் தடுமாறுகின்றன. அரமேய வரியோ உறுதியாக ஓடுகின்றது. ஆதலால், உளி பிடித்த கை கிழக்கு நாட்டுப் பழக்கமுடையது என்று அறிஞர் கருதுகின்றனர். இலத்தீன் சொல்லாததை அதன் தடுமாற்றமே சொல்லிவிட்டது.

நம் நாட்டில் இதற்கு இணையாகப் பரங்கிமலைச் சிலுவையைக் கூறலாம். 1547-இல் போர்த்துக்கீசியர் மலைமீது சிற்றாலயம் கட்ட அடித்தளம் தோண்டியபோது வெளிப்பட்ட கல் அது. அதைச் சுற்றியுள்ள எழுத்து பாரசீகத்துப் பகலவி என்பதை 1873-இல் ஏ. சி. பர்னல் எடுத்துக்காட்டினார். ஆனால் சிலுவையின் இருபுறமும் தூண்கள் நிற்க, அவற்றின்மேல் மகரங்களை ஒத்த விலங்குகளின் வாயினின்று வளைவு எழுகின்றது. இது நம் கோயில்களின் தோரண அமைப்பே. கோட்டயம் வலியபள்ளி முதலிய கேரள ஆலயங்களிலும் இச்சிலுவையின் இனமானவை உள்ளன. வழிபட்டோரின் மொழி பாரசீகம். செதுக்கிய மரபு இந்நாட்டினது. எழுத்தை மட்டும் படிப்பவன் இதை அந்நிய நாட்டுப் பொருள் என்பான். செதுக்கு வேலையையும் சேர்த்துப் படிப்பவனே, கிறிஸ்தவம் இந்நாட்டுக் கைகளில் உருப்பெற்ற வரலாற்றைக் காண்பான்.

கோரமண்டல் கரையின் கல்லும் கையும் கடல் கடந்தும் சென்றன. டச்சுக்காரர் தங்கிய பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் பூவேலையும் குலச்சின்னமும் செதுக்கிய அவர்களுடைய கல்லறைக் கற்கள் இன்றும் உள்ளன. பத்தாவியா எனப்பட்ட இன்றைய ஜகார்த்தாவின் பழைய டச்சுக் கல்லறைக் கற்களுள் பல, இக்கரையிலிருந்து கப்பலேறிச் சென்றவை. ஜாவாவில் மாண்ட ஐரோப்பியரின் புகழைத் தாங்கியது தமிழகத்துப் பாறை.

5. திருமறையில் கற்களின் பிறப்பிடம்

திருமறை ஆசிரியர்கள் இவ்வினாவை அறியாதவர் அல்லர். யோசுவாவின் நூல் நான்காம் அதிகாரத்தில், யோர்தானின் நடுவிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்கள் கில்காலில் நாட்டப்படுகின்றன. பிற்காலத்துப் பிள்ளைகள் அக்கற்களைப் பற்றி வினவுவார்கள் என்றும், அவர்களுக்கு விடை கூறவேண்டும் என்றும் அங்குக் கட்டளை உண்டு. அக்கற்களில் எழுத்து பொறிக்கப்பட்டதாகச் செய்தி இல்லை. ஆற்றின் அடியில் இருந்தவை கரையில் நிற்கின்றன என்பதே அவற்றின் சாட்சி. எங்கிருந்து வந்தன என்பது மறந்துபோனால், அவை வெறுங்கற்களாகிவிடும்.

சாலொமோன் கட்டிய ஆலயத்தைப் பற்றிய செய்தியும் கருதத்தக்கது. கற்கள் வெட்டிய இடத்திலேயே முடிவாகச் செப்பனிடப்பட்டு வந்ததால், கட்டும் இடத்தில் சுத்தி முதலிய இரும்புக் கருவிகளின் ஓசை கேட்கவில்லை என்று முதலாம் இராஜாக்கள் ஆறாம் அதிகாரம் கூறுகின்றது. ஆலயத்தின் அமைதியைப் போற்றி நாம் பிரசங்கித்திருக்கின்றோம். அந்த அமைதிக்காகக் கற்சுரங்கத்தில் எழுந்த ஓசையை எண்ணிப் பார்த்தோமா? ஐந்தாம் அதிகாரம் அதை மறைக்கவில்லை. மலையில் கல் வெட்டியோர், சுமை சுமந்தோர் ஆகியோரின் தொகையைக் குறித்து, சாலொமோனின் ஆட்கள், ஈராமின் ஆட்கள், கிபலி ஊரார் என்று மூன்று வகைத் தொழிலாளரையும் சுட்டுகின்றது. ஆலயத்தின் அமைதியும் சுரங்கத்தின் ஓசையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் எனலாம்.

6. நம் பொறுப்பிலுள்ள சான்றுகள்

1905-இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன், சென்னை மாகாணத்துக் கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் உள்ள பொறிப்புகளைத் திரட்டிப் பெரிய பட்டியல் ஒன்றை வெளியிட்டார். திருச்சபை வரலாற்று ஆய்வாளர் அனைவரும் அதற்குக் கடமைப்பட்டவர்களே. ஆனால் அத்தகைய பட்டியல்களின் நோக்கம் அடக்கமானவரின் பெயர், பதவி, நாள் ஆகியவற்றைப் பேணுவது. கல்லின் தன்மையும் வெட்டிய கையும் அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது நம் பணி.

இன்று ஆலயங்களைப் புதுப்பிக்கும்போது பழைய கல்லறைப் பலகைகள் பெயர்க்கப்பட்டு, மெருகிட்ட புதுக்கல் பதிக்கப்படுகின்றது. உடைந்த பலகை மதிலோரத்தில் கிடக்கும். சில காலத்தில் வாய்க்கால் மூடியாகும். பொறிப்பை எழுதிவைத்துவிட்டோம், இனி கல் எதற்கு என்று எண்ணுவதே இதற்குக் காரணம். சார்னாக்கின் கல்லையும் அவ்வாறு எண்ணி எறிந்திருந்தால், இலத்தீன் வரிகள் நமக்குக் கிடைத்திருக்கும்; பல்லாவரம் மறைந்திருக்கும்.

ஆயர்களும் இறையியல் மாணவர்களும் பெரும் பொருட்செலவின்றிச் செய்யக்கூடியவை சில உண்டு. பலகையின் நீள அகலத்தோடு கனத்தையும் குறிக்கவேண்டும். நிறம், மணியின் அளவு, கோடுகள் ஆகியவற்றை, கல்லைத் தூய நீரால் சற்றே நனைத்துப் பார்த்து எழுதலாம். மெருகிடாத ஓரத்திலும் பின்புறத்திலும் உளித்தடங்களைத் தேடவேண்டும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் நிழற்படம் எடுத்தால், தேய்ந்த எழுத்தும் தடமும் தெளிவாகும். அருகிலுள்ள ஆலயங்களில் அதே பூவேலை, அதே எழுத்துருவம் உண்டா என்று ஒப்பிடவேண்டும். ஊரில் கல் தச்சர் குடும்பங்கள் இருப்பின், அவர்களை அழைத்துக் கல்லைக் காட்டிக் கேட்பது எல்லாவற்றினும் சிறந்தது. எக்காரணத்தாலும் கல்லில் சில்லு பெயர்க்கலாகாது, அமிலம் ஊற்றலாகாது, எழுத்தில் வண்ணம் தீட்டலாகாது.

கடற்கரைத் திருச்சபைகளுக்கு மற்றொன்றையும் கூறவேண்டும். மரக்காணத்து உப்பளத்தில் நீர் வற்ற வற்ற உப்பு எவ்வாறு பூக்கின்றதோ, அவ்வாறே செங்கல்லின் துளைகளிலும் மணற்கல்லின் துளைகளிலும் கடற்காற்றின் உப்பு பூக்கின்றது; பூத்து, அவற்றை உள்ளிருந்து பிளக்கின்றது. கருங்கல் செறிவுள்ளதாதலால் எளிதில் உப்பை ஏற்பதில்லை. எனினும் அதைச் சுற்றிச் சிமெண்டைப் பூசிவிட்டால், ஈரமும் உப்பும் வெளியேற வழியின்றி ஓரங்களில் தேங்கும். பழையோர் பயன்படுத்திய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளிவிடும் இயல்புடையது. பழுது பார்க்கையில் அதையே பயன்படுத்துவது நன்று.

இரும்பைக்கு மீண்டும் வருவோம். மூன்றாகப் பிளந்த கல்லை அவ்வூரார் பயனற்றதென்று விலக்கவில்லை. செப்புத் தகட்டால் பிணைத்து, அதன் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றனர். அவர்களுடைய வழிபாடு நம்முடையதன்று. ஆயினும், உடைந்த கல்லையும் அதன் கதையையும் ஒன்றாகக் காக்கும் அம்முறையில் நாம் கற்கவேண்டியது உண்டு. அடுத்த முறை நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்க ஆராதனை முடிந்து திரும்பும்போது, மதிலோரம் சாய்ந்துகிடக்கும் பழைய பலகையின் அருகே சற்று நின்று, அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்போமாக. அங்கு எழுத்து இராது, உளித்தடம் இருக்கும்.